முதல்ல அடுப்படி, அப்புறம்தான் கோழி

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, நாலு கோழி விடலாமா, ஆடு கட்டலாமா, காய்கறி போடலாமா, எதுல ஆரம்பிக்கிறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்றேன், அடுப்படில ஆரம்பிங்க. ஏன்னா நான் பாத்த வரைக்கும் வீட்டுத் தோட்டம் பூச்சியாலயோ மண்ணாலயோ நின்னு போறதைவிட, அந்த வீட்ல தினமும் சமைக்க ஆள் இல்லாததாலதான் அதிகமா நின்னு போகுது.

பீன்ஸ் செடியையே எடுத்துக்கங்க. பிஞ்சா இருக்கும்போதே ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை பறிச்சுட்டே இருந்தா அது பூத்துட்டே இருக்கும். பறிக்காம விட்டீங்கன்னா காய் முத்தி உள்ள விதை கட்டிடும், விதை கட்டுன உடனே செடியைப் பொறுத்தவரைக்கும் அதோட வேலை முடிஞ்சுது, பூ குறையும், இலை பழுக்க ஆரம்பிக்கும். வெள்ளரி, வெண்டை எல்லாம் இதே கதைதான். செடி சரியா காய்க்கலன்னு உரம் தேடி அலையுறவங்க முதல்ல இலைக்கு அடியில கையை விட்டு தடவிப் பாருங்க, முத்திப்போன வெள்ளரி ஒண்ணு மஞ்சளாகி தரையில கிடக்கும். அதை எடுத்துட்டாலே பாதி பிரச்சனை தீரும். ஆக வீட்ல சமைச்சு சாப்பிடுற வேகம்தான் செடி காய்க்கிற வேகம், இதை யாரும் சொல்றதே இல்ல.

அப்ப எப்படி சமைக்கிறதுன்னு கேட்டீங்கன்னா, இன்னைக்கு என்ன சமைக்கலாம்னு முடிவு பண்ணிட்டு தோட்டத்துக்குப் போகாதீங்க, போய் பாத்துட்டு வந்து முடிவு பண்ணுங்க. பெரிய ரெசிபி எதுவும் வேண்டாம். கீரை ஒரு கைப்பிடி, பீன்ஸ் ஒரு கைப்பிடி, ரெண்டு தக்காளி, பூண்டு, உப்பு, கொஞ்சம் எண்ணெய், மேல ஒரு முட்டை உடைச்சு ஊத்தி மூடி வச்சா ஒரு வேளை சாப்பாடு முடிஞ்சுது. பறிச்ச உடனே சமைச்சா மசாலாவே தேவைப்படாது, அதுக்குக் காரணமும் இருக்கு, பச்சைப் பட்டாணியோ இனிப்புச் சோளமோ பறிச்ச நேரத்துல இருந்தே அதுல இருக்கிற சர்க்கரை மாவுச்சத்தா மாற ஆரம்பிச்சிடும். காலைல பறிச்சு மதியம் வேகவச்ச பட்டாணியோட ருசி வேற, ரெண்டு நாள் கிடந்ததோட ருசி வேற. பத்து பொருளை கடையில வாங்கிட்டு வந்து ஒரு ரெசிபி செய்யுறாங்க, அதே நேரத்துல கொல்லையில கத்தரிக்காய் முத்தி வீணாப் போகுது, இதைப் பாக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

சமையல் பழகிட்டா அடுத்தது மண்ணு. தினமும் சமைக்கிற வீட்ல தோல், காம்பு, தண்டுன்னு கழிவும் தினமும் வரும், அதுதான் மக்கு உரத்துக்கு மூலதனம். ஆனா பச்சைக் கழிவை மட்டும் குவிச்சா நாறும், அதுகூட காஞ்ச இலை, வைக்கோல், மரத்தூள்னு ஏதாவது நிறையவே சேக்கணும். காஞ்சதுல அதிகமா இருக்கிற கார்பன் 25-லருந்து 30 பங்குக்கு, பச்சையில அதிகமா இருக்கிற நைட்ரஜன் ஒரு பங்குன்னு ஒரு கணக்கு இருக்கு, ஆனா யாரும் தராசு வச்சு அளக்கத் தேவையில்ல, நாத்தம் அடிச்சா ஈரம் அதிகமா இருக்கு, இல்லன்னா உள்ள காத்து போகலன்னு அர்த்தம், காஞ்சதைப் போட்டு கிளறி விடுங்க. ஓரளவு பெரிய குவியலா சரியா அமைஞ்சா உள்ள 55, 60 டிகிரி வரைக்கும் சூடு ஏறும், கையை உள்ள விட்டா வச்சிருக்க முடியாது, அந்த சூட்டுலதான் களை விதையும் நிறைய நோய்க்கிருமியும் சாகுது.

இப்ப கோழிக்கு வரேன், இங்கதான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கு.

மிச்சம் மீதி போட்டே கோழி வளத்துடலாம்னு சொல்றதை நம்பாதீங்க. ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு சுமார் 100-லருந்து 120 கிராம் தீவனம் திங்கும், அதுல 16 சதவீதம் அளவுக்காவது புரதம் வேணும். ஒரு முட்டை ஓட்டுல மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகுது, சாப்பாட்டுல அது கிடைக்கலன்னா தன் எலும்புல இருந்து எடுத்துக் கொடுக்கும், அந்த மாதிரி ஒரு உயிரு அது. அதனால முறையான தீவனம்தான் சாப்பாடு, காய்கறிக் கழிவு, கீரைத் தண்டெல்லாம் மேல்தீனி மட்டும்தான். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்துல எப்பவும் இருக்கணும். பூஞ்சை பிடிச்ச எதையும் போடாதீங்க, பச்சை ஏறின உருளைக்கிழங்கு, வேகாத காஞ்ச பீன்ஸ் விதை, அவகாடோ, உப்பு அதிகமான பண்டம் எதுவும் கூடாது.

முட்டை தினமும் வரும்னும் எதிர்பாக்காதீங்க. உள்ள ஒரு முட்டை உருவாகவே 24-லருந்து 26 மணி நேரம் ஆகும், அதனாலதான் நாளுக்கு நாள் கொஞ்சம் லேட்டா இட்டுட்டு ஒரு நாள் விட்டுடும். பகல் வெளிச்சம் குறைஞ்சாலும் முட்டை குறையும், இறகு உதிர்ற காலத்துல சுத்தமா நிக்கும், அடைக்கு உக்காந்தாலும் நிக்கும். அதை நோய்னு நினைச்சு பயப்பட வேண்டாம், அந்த நாள்ல முட்டை இல்லாம சமைங்க அவ்ளோதான். நிறைய வர்ற நாள்ல கழுவாம எடுத்து வைங்க, ஓட்டு மேல இயற்கையாவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, கழுவுனா அது போயிடும், சமைக்கிறதுக்கு முன்னாடி கழுவிக்கலாம். ரொம்ப அழுக்கான முட்டையை மட்டும் தனியா வச்சு முதல்ல செலவு பண்ணிடுங்க.

கூண்டுக்கு செலவு பண்றதுல கஞ்சத்தனம் கூடாது. அறுகோண ஓட்டை வச்ச மெல்லிய கம்பி வலை கோழியை உள்ள நிறுத்தும், ஆனா வெளியில இருந்து வர்ற நாயையோ கீரியையோ நிறுத்தாது. சின்ன ஓட்டை உள்ள வெல்டு மெஷ்ங்கிற கெட்டியான கம்பி வலை போடுங்க, தரைக்குள்ளயும் கொஞ்சம் இறக்குங்க, பொழுது சாயும்போது கதவை மூடுற வேலை யாரோடதுன்னு வீட்ல முதல்லயே பேசிக்கங்க. காஞ்ச மண்ணு ஒரு மூலையில கட்டாயம் வேணும். கோழி அதுல ஒருக்களிச்சுப் படுத்து, ஒரு றெக்கையை விரிச்சு, காலால மண்ணை வாரி முதுகுல போட்டுக்கும், அப்புறம் எந்திரிச்சு ஒரு உதறு உதறும், பேனும் செள்ளுப்பூச்சியும் அதுலதான் போகுது. அதைத் தடுத்து சிமெண்ட் தரையில மட்டும் வளக்குறது பாவம்னுதான் நான் சொல்லுவேன்.

கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டா வேர் கருகிடும், நைட்ரஜன் அவ்வளவு அதிகம். மக்கு குவியல்ல சேத்து மக்க வச்சுதான் போடணும். பச்சையாப் போட்டுத்தான் ஆகணும்னா மண்ணைத் தொட்டு வளர்ற காயை அறுக்குறதுக்கு நாலு மாசம் முன்னாடியே போட்டு முடிச்சிருக்கணும், எச்சத்துல இருக்கக்கூடிய சால்மோனெல்லாங்கிற நோய்க்கிருமி விளையாட்டு இல்ல.

இன்னொரு விஷயம், இதைத்தான் வாங்குறதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கிறதில்ல. கோழி முதல் ரெண்டு வருஷம் நல்லா முட்டை இடும், அப்புறம் குறைஞ்சுட்டே போகும், ஆனா அது அஞ்சாறு வருஷம், அதுக்கு மேலயும் உயிரோட இருக்கும். முட்டை இடாத கோழியை கடைசி வரைக்கும் வச்சு சோறு போடப் போறீங்களா, இல்ல அறுத்து சாப்பிடப் போறீங்களா? ரெண்டுல எதுவும் தப்பில்ல, ஆனா குஞ்சு வாங்குற அன்னைக்கே முடிவு பண்ணியிருக்கணும், பிள்ளைங்க பேரு வச்சதுக்கப்புறம் இல்ல. அடை வச்சா 21 நாள்ல குஞ்சு பொரிக்கும், அதுல பாதி சேவலா இருக்கும், அந்த சேவலுங்க எங்க போகும்ங்கிறதுக்கும் அன்னைக்கே பதில் வேணும். முடியாம போன கோழியை எங்கயோ கொண்டுபோய் அவுத்து விட்டுட்டு வர்றதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

ஆடு பத்தி கேட்டவங்களுக்கு, அதுக்கு அவசரமே வேண்டாம். ஒத்தை ஆடு வளக்கக் கூடாது, கூட்டத்துல வாழ்ற பிராணி அது, தனியா கட்டுனா கத்திட்டே இருக்கும், குறைஞ்சது ரெண்டு வேணும். குட்டி போடாம பால் கிடையாது, சினைக்காலம் சுமார் 150 நாள், பிறக்குறதுல கிடாக்குட்டியும் இருக்கும், மறுபடியும் அதே கேள்விதான். புல்லைவிட இலை தழைதான் அதுக்குப் பிரியம், வேலி சரியில்லன்னா உங்க பீன்ஸ் பந்தல் ஒரே மத்தியானத்துல காலி, பக்கத்துல அரளிச் செடி இருந்தா உயிருக்கே ஆபத்து. பாலை காய்ச்சாம குடிக்காதீங்க, புருசெல்லா மாதிரி கிருமி பச்சைப் பால் வழியா மனுஷனுக்கு வரும். கறக்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா நேரம் தவற முடியாது, மடியில பால் கட்டிக்கிட்டா வீங்கி காய்ச்சல் வந்துடும், உங்களுக்குக் காய்ச்சலா இருந்தாலும் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் வந்து கறந்தே ஆகணும். அந்த ஒருத்தர் யாருன்னு பேசி முடிச்சுட்டு அப்புறமா ஆடு பாக்கப் போங்க.