வேட்டி செமி ஃபார்மல் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் கல்யாணத்தில் பெரியப்பாவின் வேட்டியை வைத்து நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தேன். நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். "பெரியவருக்கு அழைப்பிதழைப் படித்துக்காட்ட வீட்டில் ஆள் இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். அதற்கு எட்டுப் பேர் சிரிக்கிறார்கள்.

என் பெரியப்பா அழைப்பிதழைப் படித்தார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு யாரும் படித்துக்காட்ட வேண்டியதில்லை. 'செமி ஃபார்மல், வெளிர் நிறங்கள்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்து, "வேட்டி கட்டலாம்லப்பா?" என்று கேட்டார். தாராளமாகக் கட்டுங்கள் என்றேன். சந்தன நிறச் சட்டை, சின்னச் சரிகைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி. மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ரிசார்ட், மே மாதம், மாலை நாலரை மணி. அங்கே இதைவிடப் பொருத்தமாக யார் உடுத்தியிருந்தார்கள்?

குரூப் போட்டோ எடுக்கும்போது ஏற்பாட்டாளர்களில் ஒரு பையன் வந்து, "சார், டிரஸ் கோட் செட் ஆகல, கொஞ்சம் பின்னாடி போயிடுங்க" என்றான். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசைக்கும் போகவில்லை. ஓரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேட்டி செமி ஃபார்மல்தான். கோட்டும் டையும் ஒரு பக்கம், டி ஷர்ட்டும் அரைக்கால் டவுசரும் இன்னொரு பக்கம் என்றால், நடுவில் இருப்பதற்குப் பெயர்தான் அது. கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி அந்த நடுவில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது?

கடற்கரையில் காற்று வரும், கோட்டு தாங்கும் என்பார்கள். கடல்காற்று சூட்டைக் கொஞ்சம் தணிக்கும், கூடவே ஈரத்தையும் கொண்டுவரும். வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரியில் நண்பனின் வரவேற்புக்கு பிளேசர் போட்டுப் போனேன். உள்ளே வைத்துத் தைத்திருந்த பாலியஸ்டர் துணி முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஷூவுக்குள் மணல், அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. என் மனைவி அன்று காஞ்சிப் பட்டு. வியர்வைக் கறை இன்றுவரை போகவில்லை. அதன்பிறகு இந்த மாதிரிக் கல்யாணங்களுக்கு அவள் கட்டுவது கோவை கோரா காட்டன்தான். பட்டும் பருத்தியும் கலந்த நெசவு, பார்க்க எடுப்பாக இருக்கும், உடம்பிலும் கனக்காது. காலுக்கு ஹீல்ஸ் வேண்டாம், மணலில் புதையும். வேட்டியும் அதே கணக்குதான். பருத்தி, காற்றோட்டம், மணலில் நடக்கும்போது மடித்துக் கட்டிக்கொள்ளலாம். இந்தக் கரைக்காகவே நெய்த உடையை இந்தக் கரையிலேயே ஒதுக்குகிறீர்கள்.

அழைத்தவர்கள் விருப்பத்தை மதிக்க வேண்டாமா என்பீர்கள். மதித்தோம். வெளிர் நிறம் கேட்டார்கள், வெளிர் நிறத்தில்தான் வந்தார். 'வேட்டி கூடாது' என்று அழைப்பிதழில் ஒரு வரி இருந்திருந்தால் சொல்லுங்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன். அப்படி அச்சடிக்க யாருக்கும் மனம் வராது. 2014இல் நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டி வந்தார் என்று சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. அப்படித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தச் சட்டத்தை இழுக்க முடியாது, சரி. ஆனால் ஒரு நீதிபதிக்கு நடந்தபோது ஊரே கொதித்தது. பெரியப்பாவுக்கு நடந்தால் சிரிப்பா?

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அது. பக்கத்தில் நின்றாரே கல்யாணப் பெண்ணின் அப்பா, அவர் மேல்தான் கோபம். கல்லூரி படித்த மூன்று வருடமும் அவர் தங்கியது பெரியப்பா வீட்டில். பெரியம்மா கையால்தான் சாப்பாடு. "அவர் என் அண்ணன், இங்கேதான் நிற்பார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்று காலை பெரியப்பா போன் செய்தார். ஆவணியில் கோவளத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது. "ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்துடவாப்பா?" என்று கேட்டார். அவருக்கு 74 வயது. அவரைப் பேன்ட்டில் நான் பார்த்ததே இல்லை.