மேசை மேல் புத்தகம் மூன்றாம் விதி அல்ல

நியூட்டனின் இயக்க விதிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் முதல் இரண்டு விதிகளை விளக்கிய விதம் அருமை. ஆனால் ஒவ்வொரு வினைக்கும் சமமான, எதிர்த்திசையிலான எதிர்வினை உண்டு என்னும் மூன்றாம் விதிக்குத் தந்த உதாரணம் தவறு. மேசை மேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேசை அதை மேலே தள்ளும் விசையும் வினை, எதிர்வினை என்று எழுதியிருக்கிறீர்கள். (பள்ளியில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.)

அந்த இரண்டு விசைகளும் புத்தகத்தின் மீதே செயல்படுகின்றன. வினையும் எதிர்வினையும் ஒரே பொருளின் மீது வரவே வராது. பூமி புத்தகத்தை இழுக்கிறதா, அதற்கு எதிர்வினை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுவதற்கு இணை, புத்தகம் மேசையை அழுத்துவது.

சந்தேகம் இருந்தால் அந்த மேசையை லிஃப்டுக்குள் வைத்து யோசியுங்கள். 1 கிலோகிராம் புத்தகத்தின் எடை சுமார் 9.8 நியூட்டன். லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்தோடு மேலே கிளம்பும்போது மேசை தரும் விசை 11.8 நியூட்டன் ஆகிவிடும். எடையோ அப்படியே இருக்கிறது. மூன்றாம் விதியின் இணை என்றால் எந்த நேரத்திலும் சமமாகத்தானே இருக்க வேண்டும்?

அசையாத மேசையில் அவை சமமாக இருப்பதற்குக் காரணம் இரண்டாம் விதி (நிகர விசை = நிறை × முடுக்கம்): முடுக்கம் சுழி, ஆகவே நிகர விசையும் சுழி. அந்தப் பத்தியை மட்டும் திருத்திவிடுங்கள்.