லயத்தில் வந்து தங்குகிறவர்கள்

நாங்கள் மாரியம்மன் கோயில் குடும்பம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கிறோம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவில் (ஒற்றை அறை வீட்டில்) இரண்டுதான் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு. அப்படியிருந்தும் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, ஜனவரி 16 அன்று அம்மாயி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒரு மெழுகுதிரி ஏற்றி வைப்பார். அன்றைக்குக் கத்தோலிக்கப் புனிதரான யோசேவாஸ் அடிகளாரின் திருநாள். அந்தப் பெயர் அம்மாயி வாயில் நுழையாது. “மதரோட சாமி” என்பார். மதர் என்றால் எங்களுக்குக் கன்னியாஸ்திரி.

தொண்ணூறுகளின் நடுவில் அம்மாயிக்குக் காலில் ஆறாத புண். அட்டை கடித்த இடம் சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீனி வருத்தமும் (நீரிழிவும்) சேர்ந்து, கணுக்கால் வரை சீழ் ஏறிவிட்டது. டிஸ்பென்சரியில் ஒரு களிம்பு கொடுப்பார்கள், அவ்வளவுதான். வாடை தாங்காமல் பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சொந்த வீட்டு ஆட்களான நாங்களே சாப்பாட்டுத் தட்டைத் தூர வைத்துவிட்டு நகர்ந்தோம். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் டவுன் வேதக் கோயிலிலிருந்து இரண்டு மதர்மார் வந்தார்கள். பஸ் ரோட்டிலிருந்து இரண்டு மைல் ஏற்றம். செவ்வாயும் வெள்ளியும், ஏழு மாதம். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர். “காலை நீட்டுங்கோ அம்மா” என்று அவர் சொல்ல, அந்தத் தமிழைக் கேட்டு அம்மாயி வலியிலும் சிரிக்கும். பேசினில் வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கட்டிவிட்டு, எங்கள் கிளாசிலேயே தேத்தண்ணி குடிப்பார்கள். மண் சரிந்து பாதை அடைபட்ட ஒரு இரவு, சாக்கை விரித்து எங்கள் காம்பராவிலேயே படுத்தார்கள். “கோயிலுக்கு வாங்க” என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இத்தனை வீட்டுக்கு ஏன் ஒரே பீலி (தண்ணீர்க் குழாய்)? அடுத்த வாரம் தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு தோட்ட ஆபீசுக்குப் போனார்கள். மூன்று மாதத்தில் மேல்லயத்துக்கு இன்னொரு பீலி வந்தது.

பாதர்மாரும் மதர்மாரும் மதம் மாற்றத்தான் மலைக்கு ஏறுகிறார்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அப்படி லயம் லயமாகத் திரிகிற கூட்டங்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் சீழ் பிடித்த காலைக் கழுவ ஏழு மாதம் ஏறி வந்தவர்களையும் அதே கணக்கில் போடாதீர்கள்.

ஆசிரியத் தொழிலுக்கு வந்த பிறகுதான் அந்த ‘மதரோட சாமி’ யார் என்று தேடிப் படித்தேன். 1651இல் கோவாவில், பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கோவாவில் இந்தியக் குருக்களே சேர்ந்து நடத்திய ஓரத்தோரியன் சபையைச் சேர்ந்தவர். இலங்கையில் டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் கடல் கடந்து வந்தார். யாழ்ப்பாணத்தில் வயிற்றுக்கடுப்பு கண்டு சாகக் கிடந்தார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள்.

கூலி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு உடம்பு சுருங்கும். எங்கள் பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தது அந்தப் பெயரோடுதான். அவர்களால் அதைக் கழற்றிப் போட முடியவில்லை. இவரோ தானாக எடுத்து உடுத்திக்கொண்டவர். அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது அவர் செய்ததைப் பாருங்கள். அரசனும் பெரிய மனிதர்களும் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யோசேவாஸும் அவருடைய உறவினரான கார்வால்யோ அடிகளாரும் அங்கேயே இருந்தார்கள். கொட்டில் போட்டு, சாப்பாடு கொடுத்து, புண் கழுவி, செத்தவர்களைப் புதைத்தார்கள். யார் என்ன சமயம் என்று பார்க்கவில்லை. 1711இல் கண்டியிலேயே கண் மூடினார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அடக்கம் செய்த இடம் இதுதான் என்று உறுதியாகக் காட்ட இன்றுவரை ஆளில்லை. தேயிலைக்கு அடியில் கிடக்கிற எங்கள் ஆட்களுக்கும் அதே கதைதான்.

புண்ணைக் கழுவினால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. 1948இல் மலையகத் தமிழரான எங்கள் குடியுரிமையைப் பறித்ததற்குக் களிம்பு கிடையாது. அதைப் புரிந்துகொண்டவர் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் அவர் தொடங்கிய சத்யோதய நிலையத்தில் சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். எங்கள் சம்பளத்தைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் நாடற்றவர் என்ற நிலையைப் பற்றியும், பெரும்பாலானோர் வாய் மூடியிருந்த காலத்தில், அங்கே ஆய்ந்து எழுதிப் பேசினார்கள். எங்கள் லயத்து மதர் பீலிக்காக ஆபீஸ் படி ஏறியதும் அதே வழிதான் என்று எனக்குப் படுகிறது.

போன வருஷம் எங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) ஒரு குழு உலர் உணவுப் பொதியோடு வந்தது. பெனர் கட்டி, கிழவிகளை வெயிலில் நிறுத்தி, பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். கால் நாளில், ஏறி வந்த வேனிலேயே மலையிறங்கிப் போனார்கள். ஒரு காம்பராவுக்குள்ளும் அவர்கள் தலை நுழையவில்லை. அரிசி எங்களுக்குத் தேவைதான், வாங்கிக்கொண்டோம். ஆனால் அன்று இரவு என் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் படம் எங்கெல்லாம் போகுமோ என்று அழுதுகொண்டிருந்தார்.

எங்கள் டிவிசனில் பழைய பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து தரும்படி தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். தலைவரும் கோயில் கமிட்டியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இரண்டு மதர்மார் அங்கே வந்து தங்கச் சம்மதித்தால், கூரைத் தகரம் மாற்றுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் எங்கள் பொறுப்பு. எந்தச் சபையாக இருந்தாலும் சரி. இதை வாசிக்கிற பாதர்மார் யாராவது இருந்தால் ஒரு செய்தி போடுங்கள்.