மேப்பிள் இலை கருகினால் தண்ணீர் மட்டும் காரணமல்ல

"ஜப்பானிய மேப்பிள் சேலம் மொட்டை மாடியிலும் நன்றாக வரும், இலை ஓரம் கருகினால் தண்ணீர் போதவில்லை, காலையும் மாலையும் ஊற்றுங்கள்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். பாதிதான் சரிங்கண்ணா. இதே யோசனையை நம்பி ஒரு செடியைச் சாகடித்தவன் நான்.

வறட்சியாலும் இலை கருகும், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் மண் ஈரமாக இருக்கும்போதே கருகும். இலை மெல்லியது, அனல்காற்றில் அது இழக்கும் நீரை வேரால் அந்த வேகத்துக்கு மேலே அனுப்ப முடியாது. அப்போது மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். என் தொட்டியைக் கவிழ்த்தபோது வேரெல்லாம் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது. நாற்றம் வேறு! விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உச்சி வெயில் படாத இடம் முக்கியம்.

அப்புறம், இது குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்வெடுக்கும் மரம். வசந்தத்தில் ஒழுங்காகத் துளிர்க்க, சில வாரங்களாவது 7 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர் வேண்டும். சேலத்தில் மார்கழியிலும் அது கிடைக்காது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் கோடையைத் தாங்கலாம். குளிர் அங்கேயும் அந்த அளவுக்கு நீடிப்பதில்லை.

சிவந்த இலைதான் ஆசை என்றால் நாட்டு வாதுமை வையுங்கள். உதிரும் முன் அதுவும் நன்றாகச் சிவக்கும், நம் வெயிலுக்கும் அசராது. தொட்டியில் மட்டும் வேண்டாம், பெரிய மரமாகிவிடும்.