ஹப்பைத் துடைக்க ஒரு கம்பி பிரஷ் இல்லையா உங்களிடம்?

"சார், டிஸ்க் வளைஞ்சிருச்சு. மறுபடியும் புதுசு போட்டுறலாம்" என்று கூசாமல் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார் அந்த சர்வீஸ் அட்வைசர். மறுபடியும்! முன் சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் தட்டு), பேட் (அதை அழுத்திப் பிடிக்கிற கட்டை) எல்லாம் இவர்களிடமே மாற்றி, 20,000 ரூபாயைத் தொட்ட பில்லைக் கட்டி எடுத்து வந்த வண்டி இது. அதற்குப் பிறகு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. இப்போது மதுரை பக்கம் சமயநல்லூர் தாண்டி நான்குவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கைத் தொட்டால் ஸ்டியரிங் கையை உதறுகிறது, பெடல் காலுக்கடியில் துடிக்கிறது, பின் சீட்டிலிருந்து அம்மா "என்னடா, டயர் வெடிச்சிருச்சா?" என்று பதறுகிறார். டயர் இல்லம்மா, பிரேக். நேற்றுவரை காசு கொடுத்துச் சரிசெய்த அதே பிரேக்.

பெரிய எஸ்யூவி வைத்திருக்கிற யாருக்கும் இந்த நடுக்கத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எங்கே போனாலும் கிடைக்கிற பதிலும் ஒன்றுதான்: டிஸ்க் வளைந்துவிட்டது. ஐயா, அது வார்ப்பிரும்பு. நடுவில் காற்று போக இடைவெளி விட்டு வார்த்த, கையில் தூக்கினால் தோள் இறங்குகிற கனம். வெயிலில் போட்ட அப்பளம் மாதிரி நாலாயிரம் கிலோமீட்டரில் வளைந்துவிடுமா அது? பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க் போய் உட்காருகிற ஹப்பின், அதாவது சக்கரத்தைத் தாங்குகிற நடுப்பகுதியின், முகத்தில் துரு இருக்கும். அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும், வெளி விளிம்பில் அந்தச் சாய்வு இன்னும் பெரிதாகும். அப்புறம் ஒவ்வொரு சுற்றிலும், நாம் பிரேக்கே போடாதபோதும், டிஸ்க்கின் ஒரே இடம் பேடில் போய் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடம் மட்டும் தேயும். மாட்டிய அன்றைக்கு வண்டி வெண்ணெயாக ஓடும், சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகுதான் நடுக்கம் ஆரம்பிக்கும். அதனால்தான் இவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். "நாங்க மாட்டிக் குடுக்கும்போது நல்லாத்தானே சார் இருந்துச்சு, நீங்க ஓட்டுற விதம் அப்படி" என்று பழியை நம் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

ஓட்டுகிற விதமா? வேலை நடந்த அன்றைக்கு நான் அங்கேதான் நின்றேன். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், உள்ளே விடமாட்டார்கள், ஆனால் எல்லாம் தெரியும். ஒரு தம்பி சக்கரத்தைக் கழற்றினான். பேடுகளை டிஸ்க் மேல் அழுத்துகிற காலிப்பரை அவிழ்த்தான். அதைக் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கனம் முழுக்க பிரேக் ஆயில் போகிற ஹோஸில் இறங்கும், ரப்பர் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. அவன் ஹோஸிலேயே தொங்கவிட்டான். நான் கண்ணாடியைத் தட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். பழைய டிஸ்க் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரவில்லை, சுத்தியலால் நாலு போட்டான், வந்தது. வந்த இடத்தில் ஹப் முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு, பட்டை பட்டையாக. எனக்கே தெரிகிறது, பத்தடி தள்ளி நிற்கிற எனக்கு. இப்போது பிரஷ் எடுப்பான், இப்போது எடுப்பான் என்று பார்க்கிறேன். அட்டைப் பெட்டியிலிருந்து புது டிஸ்க்கை எடுத்தான். துருப்பிடிக்காமல் இருக்க அதில் எண்ணெய் பூசித்தான் அனுப்புவார்கள், பிரேக் கிளீனர் அடித்து அதைத் துடைக்க வேண்டும். கையில் இருந்த கரித்துணியால், இஞ்சின் ஆயில் துடைத்த அதே துணியால், ஒரு இழுப்பு. மாட்டினான். அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வேகமாக உள்ளே போய்விட்டேன். "தம்பி, ஹப்பைச் சுத்தம் பண்ணல" என்றேன். அட்வைசர் ஓடி வந்தார். "சார், கஸ்டமர் உள்ள வரக்கூடாது சார்." சரி, வெளியே போகிறேன், அந்தத் துருவை எடுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் வீல் டைட் பண்ணும்போது அமுங்கிரும் சார்." அமுங்கிரும்! டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்ப்பீர்களா, அதாவது சுற்றும்போது டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பீர்களா என்று கேட்டேன். பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய விஷயம், தலைமுடியின் தடிமனை ஒட்டிய கணக்கு, அதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? "சுத்தி விட்டுப் பார்த்துட்டோம் சார், கரெக்டா இருக்கு." நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஏர் கன் சத்தம். நட்டை எதிரெதிராக, மாற்றி மாற்றி, கடைசியில் டார்க் ரெஞ்ச் வைத்துக் கம்பெனி சொன்ன அளவுக்கு முடுக்க வேண்டும். ஒரு நட்டு ஒரு விசையிலும் பக்கத்து நட்டு வேறு விசையிலும் இறுகினால் டிஸ்க் அதற்கேற்பச் சாயும். இங்கே வரிசையாக டுர்ர், டுர்ர், டுர்ர் என்று சுற்றி வந்து முடித்துவிட்டான். டார்க் ரெஞ்ச் சுவரில் மாட்டியிருந்தது, அதன் மேல் தூசி படிந்திருந்தது. ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருப்பார்கள் போல.

காலிப்பர் ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா? இல்லை. அதற்கென்று இருக்கிற சூடு தாங்கும் சிலிக்கோன் கிரீஸ் போட்டால் காலிப்பர் தாராளமாக நகரும். சும்மா விட்டால் இறுகி, ஒரு பக்கப் பேட் மட்டும் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். சாதா கிரீஸை அப்பினால் ரப்பர் ஊதிப்போகும், அது இன்னும் மோசம். பேடை டிஸ்க்கோடு பழக்குவது என்று ஒன்று இருக்கிறது, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், திரும்ப எடுத்து, இப்படிப் பல தடவை செய்து, அப்புறம் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும். அதிகாலையில் ரிங் ரோட்டில் கால் மணி நேரம் போதும். இவர்கள் டெஸ்ட் டிரைவ் கேட்வரை போய்த் திரும்பி வந்தது. பில்லில் மட்டும் லேபர் சார்ஜ் முழுசாக இருக்கிறது.

எனக்கு ஏன் இவ்வளவு வயிறு எரிகிறது என்றால், இது ஏசி சரியில்லை, ஸ்பீக்கர் கரகரக்கிறது என்கிற ரகம் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போவது 1,700 மீட்டருக்கு மேல் ஏற்றம். இறங்கும்போது 2 டன் வண்டி, உள்ளே ஏழு பேர், பின்னால் பெட்டி படுக்கை. இரண்டாவது கியரில் இஞ்சின் பிடித்தாலும் மிச்சச் சூடு முழுக்க டிஸ்க்கில்தான் இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நாலு மடங்கு. டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரையாவது கொதிக்காது, ஈரம் குடித்துக் குடித்து அது 155 பக்கம் இறங்கிவிடலாம், அதனால்தான் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். "கலர் நல்லாத்தான் சார் இருக்கு" என்று இதையும் கண்ணால் பார்த்தே முடிக்கிறார்கள். ஆயில் கொதித்து, கொண்டை ஊசி வளைவில் பெடல் தரைக்குப் போனால் கலரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பது?

இந்தத் தடவை விடவில்லை. என் கண் முன்னால் கழற்றுங்கள் என்றேன். கழற்றினார்கள். அதே துரு. புது டிஸ்க்கின் பின்பக்கத்தில் அதன் அச்சு அப்படியே பதிந்திருக்கிறது. போட்டோ எடுத்தேன். "இது நார்மல் சார்." சரி, டிஸ்க் மாற்றணும் என்கிறீர்களே, தடிமன் எவ்வளவு இருக்கிறது, குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்? தெரியாது. டிஸ்க்கிலேயே அச்சடித்திருக்கிறது, துடைத்துப் பார்த்தால் 26 மில்லிமீட்டர். அளக்க மைக்ரோமீட்டர் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இத்தனை பெரிய கண்ணாடிக் கட்டடம், வாசலில் காபி மெஷின், பிரேக்கை அளக்க ஒரு மைக்ரோமீட்டர் இல்லை! கடைசியில் தெற்குவாசல் பக்கம் ஒரு லேத் பட்டறைக்கு டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அந்த அண்ணன் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். தடிமன் 27.7. ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம். "டிஸ்க்குக்கு இன்னும் எவ்வளவோ ஆயுசு இருக்குண்ணே, லேசா ஒரு கடைசல் போதும், ஆனா ஹப்பைச் சுரண்டாம மாட்டுனா திரும்ப இங்கதான் வருவீங்க" என்றார். 0.03-க்கு இவ்வளவு நடுக்கமா என்று கேட்காதீர்கள், அதில் பாதி இருந்தாலே சில வண்டிகளில் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்.

ஆக, தூக்கிப் போடச் சொன்னது நல்ல டிஸ்க். கடைசல் போட்டு, நானே பக்கத்தில் நின்று ஹப்பைப் பளபளவென்று தேய்க்கவைத்து, கையால் நட்டு முடுக்கவைத்து எடுத்து வந்தேன். நடுக்கம் போய்விட்டது. இது ஒரு திறமையும் இல்லாத வேலை, பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் எத்தனை பேரிடம் இரண்டாவது ஜோடி டிஸ்க் விற்றிருப்பார்கள்? மழை பெய்த மறுநாள் காலை டிஸ்க் மேல் மெல்லிசாகப் படிகிற துரு, நாலு பிரேக் போட்டால் தானாகப் போகிற துரு, அது உரசுகிற சத்தத்துக்கும் என் சித்தப்பாவிடம் டிஸ்க் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

இதோடு முடிந்ததா? நடுக்கம் போன சந்தோஷத்தில் திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி பக்கம் வந்துகொண்டிருக்கிறேன், இருட்டு, திடீரென்று நடு ரோட்டில் வேகத்தடை. பெயின்ட் இல்லை, போர்டு இல்லை, ஒளிரும் கல் இல்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதியில் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக ஏறி இறங்க வேண்டும், முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வேண்டும். இது செங்குத்தாக எழும்பி நிற்கிறது, அதில் பாதி அகலம்கூட இல்லை. ஏறி மிதித்த மிதியில் ஏபிஎஸ் அடித்து, பின்னால் வந்த பைக்காரத் தம்பி என் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்றான். பயத்தில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. யார் கட்டினார்கள், யார் அனுமதித்தார்கள், கேட்டால் ஊர்க்காரர்கள் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டுகிறார்கள், அவர் ஊர்க்காரர்களைக் கைகாட்டுகிறார். அந்தப் பையன் விழுந்திருந்தால் அப்போது யாரைக் கைகாட்டுவார்கள்?