மூன்று நீளம், ஒரு குட்டை

அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன். போதும்.

"சீனாக்காரன் பத்தியைப் படிக்காமலே இங்கிலீஷ் பரிட்சையில் விடை போடும் ரகசியம்." பின்னணியில் புல்லாங்குழல் வேறு. பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் வாத்தியார்கள். அதுதான் எனக்கு உறைக்கிறது.

ரகசியம் என்னவாம்? நாலு விடையில் மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையைப் போடு. மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தைப் போடு. ஏறுக்குமாறாகக் கிடந்தால் சி போடு. (கடைசி வரிக்குப் பாடபேதம் உண்டு. சில இடங்களில் டி.) சீனத்தில் சொன்னால் பாட்டு மாதிரி வரும். அங்கே பள்ளிப் பிள்ளைகள் காலங்காலமாகச் சொல்லிச் சிரிக்கும் நக்கல் அது. நம் பிள்ளைகள் இங்கி பிங்கி பாங்கி போட்டு விடை குறிப்பார்களே, அந்த மாதிரி. நாளைக்கு ஒரு சீனர் "தமிழர்களின் இங்கி பிங்கி முறை" என்று வீடியோ போட்டால் நாமும் இதே மரியாதையோடு பகிர்வோம் போல.

வாக்கியத்தைப் படிக்காமல் விடை வராது. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். சலிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் தாளைப் பார்ப்போம். காவ்காவ் என்கிற சீனப் பல்கலை நுழைவுத் தேர்வில் இங்கிலீஷுக்கு 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். இப்போதைய புதிய வகைத் தேசியத் தாளில் கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. வாசிப்பில் ஏ, பி, சி, டி என்று நான்கு பத்திகள். 21 முதல் 35 வரை பதினைந்து கேள்விகள், ஒன்றுக்கு 2.5. பிறகு 36 முதல் 40 வரை 'ஏழில் ஐந்து' என்ற ஒரு பகுதி (ஏழு வாக்கியத்தில் ஐந்தை எடுத்து இடைவெளிகளில் பொருத்துவது), அதிலும் கேள்விக்கு 2.5. பதினைந்து கேள்வியையும் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக நாலுக்கும் குறைவாகத்தான் சரியாகும். ஒன்பது மார்க் சொச்சம். புல்லாங்குழல் வைத்து விற்றது இந்த ஒன்பது மார்க்கைத்தான்.

கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியாதா? அவர்களும் அதே பள்ளியில் படித்து வந்தவர்கள்தானே. நாலு விடையையும் கிட்டத்தட்ட ஒரே நீளத்துக்கு நறுக்கி வைப்பார்கள். தப்பான மூன்றையும் சும்மா எழுத மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு வகைப் பொறி. சீன ஆசிரியர்கள் அவற்றுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். 'ஜாங்கின் தொப்பியை லீயின் தலையில் மாட்டுவது' ஒன்று: பத்தியில் நகரத்துப் பறவை செய்ததை விடையில் காட்டுப் பறவை செய்திருக்கும். 'இல்லாததிலிருந்து உண்டாக்குவது' இன்னொன்று: கேட்க நியாயமாக இருக்கும், உலக அனுபவத்துக்கும் ஒத்துவரும், பத்தியில் மட்டும் இருக்காது. 'துண்டைக் காட்டி முழுசு என்பது' மூன்றாவது: சிலருக்குத் தூக்கம் குறைந்தது என்று பத்தி சொன்னால் விடையில் எல்லோருக்கும் குறைந்திருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான பொறி பத்தியின் சொற்களையே அச்சுப் பிசகாமல் தூக்கி விடையில் வைப்பது. அரைகுறையாகப் படித்தவன் கண் அங்கேதான் போய் ஒட்டும். சரியான விடை பெரும்பாலும் வேறு சொற்களில் இருக்கும். பத்தி "ஐந்தில் நான்கு பேர்" என்றால் விடை "பெரும்பாலோர்" என்கும். இதைப் பிடிக்க இரண்டு பக்கமும் வாக்கியம் புரிய வேண்டும். நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் புரியாது.

"சொல் தெரியாதவன் வாக்கியத்தை வைத்து என்ன செய்வான்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சொல்கூட இல்லாத பிள்ளையிடம் நான் சொல்லும் எதுவும் எடுபடாது. ஆனால் சீனப் பிள்ளைகளின் பிரச்சினை பெரும்பாலும் அதுவல்ல. அங்கே மேல்நிலைப் பிள்ளை எவரிடமும் சொற்பட்டியல் இருக்கும். பழைய பாடத்திட்டப்படி 3500 சொல், இப்போதைய பாடத்திட்டத்தில் ஏறத்தாழ 3000. அகரவரிசைப் புத்தகத்தில் முதலில் கண்ணில் படும் சொல் 'அபேண்டன்', அதாவது கைவிடு. படிக்க உட்கார்ந்ததும் அதைப் படித்து, அதன்படியே கைவிடுவது என்று அவர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். கிண்டல் செய்துகொண்டே மறுநாள் காலை மறுபடி உட்காருவார்கள்.

என்னிடம் வந்த ஒரு சீன மாணவி அந்தப் பட்டியலைத் தலைகீழாகச் சொல்வாள். மாதிரித் தேர்வில் வாசிப்பில் 30ஐத் தாண்ட மாட்டாள். ஒரு நாள் ஆறே சொல் எழுதிக் கொடுத்தேன்: 'த பாய் த டாக் பிட் க்ரைட்' (The boy the dog bit cried). தொடக்கப் பள்ளிச் சொற்கள். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "பையனும் நாயும் கடித்துக்கொண்டு அழுதார்கள்" என்றாள். நான் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

சரியான பொருள், நாய் கடித்த பையன் அழுதான். இதைச் சீனத்தில் எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? நாய், கடி, 'தெ' என்ற ஓர் அசை, பையன், அழுதான். அப்படியே நம் வரிசை! நாம் 'கடித்த' என்று பெயரெச்சம் போடும் இடத்தில் அவர்கள் 'தெ' போடுகிறார்கள். அடைமொழி எவ்வளவு நீளமானாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், தமிழிலும் சரி, சீனத்திலும் சரி. இங்கிலீஷ் அதைப் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய்த் தொங்கவிடுகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் பதினைந்து சொல் புகுந்துவிட்டால், வினை வரும்போது எழுவாய் யார் என்பதே மறந்துபோகிறது. போதாததற்குச் சீன வினைச்சொல் காலத்துக்கோ ஆளுக்கோ தக்கபடி உருமாறாது. அதனால் எது உண்மையான வினை, எது வினை மாதிரி வேடம் போட்டது என்று பார்க்கும் பழக்கமே அவர்களுக்கு இருப்பதில்லை.

இதற்கு வைத்தியம் உண்டு. ரீல்ஸில் வராது, ஏனென்றால் அலுப்பான வைத்தியம். பென்சிலை எடு. இரண்டு காற்புள்ளிக்கு நடுவிலோ இரண்டு கோட்டுக்கு நடுவிலோ செருகப்பட்டதை அடைப்புக்குள் தள்ளு. காலம் காட்டும் வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடு. 'டு' ஒட்டியதையும் தனியாக நிற்கும் 'இங்' வடிவத்தையும் எண்ணாதே. முடிவில் 'எட்' இருந்தால் நின்று யோசி, பாதி நேரம் அது அடைமொழிதான். வினைகளை எண்ணி ஒன்றைக் கழி. அத்தனை இணைப்புச் சொல் அந்த வாக்கியத்தில் இருந்தாக வேண்டும். குறைந்தால் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன ஆறு சொல்லில் 'பிட்', 'க்ரைட்' என்று இரண்டு வினை. ஓர் இணைப்பு வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை. 'பாய்'க்கும் அடுத்த 'த'வுக்கும் நடுவில் 'தட்' (that) விழுங்கப்பட்டிருக்கிறது. கண்டுபிடித்தாயிற்றா? அப்புறம் எழுவாயையும் முதன்மை வினையையும் மட்டும் சேர்த்துப் படி. மற்றதை ஒவ்வொன்றாக மாட்டிக்கொள். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், தான் தப்பு விட்ட கேள்விகளிலிருந்தே எடுத்தது. ஐம்பது வேண்டாம், ஐந்து.

தப்பேடு என்று அங்கே எல்லாப் பிள்ளையிடமும் ஒரு நோட்டு இருக்கும். நல்ல வழக்கம். ஆனால் முக்கால்வாசி நோட்டுகளில் "27: பி அல்ல, டி" என்றுதான் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது, அந்தக் கேள்வி மறுபடி வரப்போவதில்லையே! எந்த வாக்கியத்தைத் தப்பாகப் படித்தேன், எப்படிப் படித்தேன் என்று எழுதினால்தான் அது தப்பேடு.

பழகிய சொல் பழகாத பொருளில் வருவது வேறொரு தொல்லை. 'புக்' என்றால் புத்தகம் என்றே படித்தவன், ஓட்டல் அறையை 'புக்' செய்ததும் திகைக்கிறான். 'ஃபைன்' நலமா, அபராதமா? பிரச்சினையை 'அட்ரஸ்' செய்வது, அதாவது தீர்க்க முனைவது, என்று வந்தால் பிரச்சினையின் முகவரியைத் தேடுகிறான். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ரூம் புக் பண்ணி, ஃபைன் கட்டியே வளர்ந்தோம். பட்டியலில் சொல்லுக்கு ஒரே பொருள் எழுதிப் படித்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தார்கள். கேட்டல் பகுதி ஏறத்தாழ 20 நிமிடம். மிச்சம் 100. அதில் வாசிப்புக்கு 35 முதல் 38. ஏ பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, பயணக் குறிப்பு மாதிரி. கேள்வியை முதலில் படித்துவிட்டுத் தேடினால் நாலு நிமிடத்தில் முடியும். மிச்சப்பட்டதை டி பத்திக்குக் கொடுங்கள், அங்கேதான் அறிவியல் கட்டுரையும் நீள வாக்கியமும். ஏழில் ஐந்து பகுதியில் ஐந்து இடைவெளி, ஏழு வாக்கியம், இரண்டு மிஞ்சும். ஒன்றைத் தப்பாக வைத்தால் அந்த வாக்கியம் போகவேண்டிய இடமும் பாழ், இரட்டை அடி, ஐந்து மார்க். அதனால் வரிசைப்படி போகாமல், உறுதியானதை முதலில் நிரப்ப வேண்டும். இடைவெளிக்கு அடுத்த வரி 'தே' என்று தொடங்கினால் முந்தைய வாக்கியத்தில் பன்மைப் பெயர் ஒன்று இருந்தாக வேண்டும். 'ஹவெவர்' வந்தால் முன்னும் பின்னும் முட்டிக்கொள்ள வேண்டும். பத்தித் தொடக்கத்து இடைவெளி என்றால் அந்தப் பத்தியை முழுக்கப் படிக்காமல் தொடவே கூடாது.

பார்த்தீர்களா, மறுபடி "படிக்காமல் கூடாது" என்றுதான் வந்து நிற்கிறது.

"தேர்வு ஒரு விளையாட்டு சார், குறுக்கு வழி இருந்தால் எடுப்பதில் என்ன தப்பு?" தப்பே இல்லை, இருந்தால். கேள்வியை முதலில் பார்ப்பது குறுக்கு வழி. அப்பட்டமாக 'எல்லோரும்', 'எப்போதும்' என்று வரும் விடையைச் சந்தேகிப்பதும் குறுக்கு வழி. இவற்றை நானே சொல்லிக்கொடுப்பேன். ஆனால் இவையும் படித்தவனுக்குத்தான் வேலை செய்யும்.

"இனி எல்லாவற்றையும் செயலி மொழிபெயர்த்துவிடும்." தேர்வறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டுச் சொல்லுங்கள்.

"சீனாவே இங்கிலீஷை ஓரங்கட்டுகிறதே?" 2013இல் பெய்ஜிங்கில் 150ஐ 100 ஆக்க ஒரு வரைவு வந்தது, நடக்கவில்லை. 2021இல் இங்கிலீஷை முதன்மைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லி ஓர் ஆலோசனை மன்ற உறுப்பினர் முன்மொழிந்தார், கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. 2023இல் சியான் ஜியாவ்தோங் பல்கலைக்கழகம் பட்டத்துக்கு ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று வேண்டாம் என்றது, உண்மை. ஆனால் அந்த வளாகத்துக்குள் நுழைய இன்றைக்கும் அந்த 150 மதிப்பெண் இங்கிலீஷ் தாளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு மார்க்குக்கு அங்கே என்ன மதிப்பு என்று தெரியாமல்தான் இவ்வளவு பேச்சும். 2018 நவம்பரில் ஜெஜியாங் மாகாணத்தில் இங்கிலீஷ் தாளின் வாசிப்பு, மொழிப் பயன்பாட்டுப் பகுதிகளில் சில கேள்விகளுக்கு அதிகாரிகள் மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டு ஏற்றினார்கள், தாள் கடினம் என்று காரணம். மாகாணமே கொதித்தது. அடுத்த மாதமே பழைய மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தார்கள், கல்வித்துறைத் தலைவருக்குப் பதவி போனது. வகுப்பறைச் சுவர்களில் "ஒரு மார்க் ஏற்று, ஆயிரம் பேரைத் தள்ளு" என்று தொங்கவிட்டிருப்பார்கள். எனக்குப் பிடிக்காத வாசகம். ஆனால் 2024இல் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவுசெய்த தேர்வு அது. தேர்வெழுதுவோர் மிகுந்த ஹெனான் போன்ற மாகாணத்தில் ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். அங்கே ஒரு வாக்கியத்தைத் தப்பாகப் படிப்பது 2.5 மார்க்.

வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "மனப்பாட மெஷின்கள், இப்படி ஏதாவது ட்ரிக் இல்லாமல் பாஸாக முடியுமா." 412 லைக். நான் பெரிதாகக் கோபப்படுகிறவன் இல்லை. ஆனால் ஆறு சொல் வாக்கியத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியும். நாலு மாதம் தினமும் ஐந்து வாக்கியம், அடைப்பு, அடிக்கோடு, ஒன்று கழி. பென்சில் தேய்ந்த இடமெல்லாம் தாள் பளபளத்துக் கிடந்தது. அவள் மெஷினாம். படிக்காமல் விடை போடுகிற ரகசியம் அவளுக்குத் தெரியுமாம்.

சந்தேகம் இருப்பவர்கள் ஏதாவது ஒரு பழைய காவ்காவ் தாளை எடுங்கள், இணையத்தில் கிடைக்கும். 28 முதல் 31 வரை ஸ்கேல் வைத்து அளந்து விடை போட்டு, எத்தனை சரி என்று கமெண்டில் எழுதுங்கள். பிறகு அதே சி பத்தியில் இருப்பதிலேயே நீளமான வாக்கியத்தின் முதன்மை வினை எது என்றும் எழுதுங்கள். இரண்டாவதற்கு நான் பதில் போடுகிறேன். பன்னிரண்டாவது ஆளாக வீடியோவை அனுப்ப நினைப்பவருக்கு மட்டும் கிடையாது.