கேப்டன் நாற்காலியில் ஸ்டியரிங் கிடையாது

நான்கு பேர் சேர்ந்து ஒரு விண்கப்பலை ஓட்டும் ஸ்டார் ட்ரெக்: பிரிட்ஜ் க்ரூ கேமை நண்பர்களோடு முதன்முதலாக விளையாட உட்கார்ந்த அன்று, கேப்டன் நாற்காலி எனக்குத்தான் என்று அடம்பிடித்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த தொடர். அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே ஓர் உத்தரவாவது போட்டுவிட வேண்டும் என்று எத்தனை வருட ஆசை. மற்ற மூவரும் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார்கள். இவ்வளவு நல்லவர்களா என்று நினைத்தேன். காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்தது.

கேப்டன் நாற்காலியில் ஸ்டியரிங் கிடையாது. கப்பலைத் திருப்புவது ஹெல்ம் இருக்கையில் இருப்பவரின் வேலை. பேஸர் என்ற கதிர் ஆயுதம், டார்பிடோ என்ற ஏவுகணை, கப்பலைக் காக்கும் ஷீல்டு மூன்றும் டாக்டிகல் ஆளின் கையில். எஞ்சினுக்கு எவ்வளவு, ஷீல்டுக்கு எவ்வளவு, பேஸருக்கு எவ்வளவு என்று பவரைப் பங்குபோடுவது என்ஜினியர். என் பக்கம் இருந்தவை வரைபடம், வந்து விழும் செய்திகள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல், அப்புறம் ஒரு ரெட் அலர்ட் பட்டன். அந்தப் பட்டியலும் கேப்டன் வாயைத் திறந்து சொன்னால்தான் மற்றவர்களுக்கு.

திறந்தேன்.

"இடது பக்கம் திருப்பு."

"எவ்வளவுடா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

அதற்குள் என்ஜினியர் நண்பன் குறுக்கே வந்தான். "பவரை எதுக்குக் குடுக்க?" எல்லாவற்றுக்கும் கொடு என்றேன். "எல்லாத்துக்கும் இருந்தா உன்னை ஏன்டா கேக்கறேன்?" என்றான். பதில் இல்லை. பதற்றத்தில் ரெட் அலர்ட்டை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அதனால் பிரயோஜனம் எதுவும் இல்லை.

இந்த அவமானத்துக்குப் பிறகுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்யும் கேம்களில் பெரும்பாலானவை ஏன் சப்பென்று இருக்கின்றன, ஒன்றிரண்டு மட்டும் ஏன் தொடரைப் பார்த்த அதே பரவசத்தைத் தருகின்றன என்று ரொம்ப நாளாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். படக்காட்சித் தரம், நடிகர்களின் குரல், அந்த முகப்பு இசை எல்லாம் இருந்தால் போதும் என்றுதான் நாம் நினைக்கிறோம், விற்பவர்களும் அதையேதான் விற்கிறார்கள். என் கட்சி வேறு. தொடரில் அந்த மனிதர்கள் பார்க்கிற வேலையை என் கையில் கொடுக்கிற கேம் ஜெயிக்கிறது. அவர்களுடைய சட்டையை மட்டும் மாட்டிவிட்டுத் துப்பாக்கியை நீட்டுகிற கேம் இரண்டாவது நாளே அலுத்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். 1966 முதல் 1969 வரை வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கில் 79 அத்தியாயங்கள். அவற்றில் நம் நினைவில் நிற்பவை எவை? ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேர். ஒருவர் அளவுகளைப் படித்துச் சொல்கிறார், ஒருவர் முடியாது என்கிறார், ஒருவர் மனசாட்சியைக் கிளறுகிறார், நடுவில் இருப்பவர் அரை நிமிடத்துக்குள் முடிவெடுக்கிறார். சண்டைக் காட்சிகளைப் பற்றி, அன்பு மிகுதியால், எதுவும் சொல்லாமல் விடுகிறேன். கேமரா ஆடும், எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வார்கள், அவ்வளவுதான்.

இதை முதலில் பிடித்தவர் பெரிய ஸ்டூடியோக்காரர் யாரும் இல்லை, ஒரு பள்ளி மாணவர். 1971-ல் மைக் மேஃபீல்டு என்பவர் பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்டார் ட்ரெக் நிரலை எழுதினார். டேவிட் ஆல் 1973-ல் தொகுத்த பேசிக் விளையாட்டுகள் புத்தகத்தில் அது அச்சாகி, அதன் வழிவந்த சூப்பர் ஸ்டார் ட்ரெக் ஊர் உலகமெல்லாம் பரவியது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. எழுத்துகள் மட்டும். அண்டம் என்பது எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மறுபடி எட்டுக்கு எட்டு. 3,000 யூனிட் சக்தி, 10 டார்பிடோ, கெடு நாள் இத்தனை, அதற்குள் கிளிங்கான் என்ற எதிரி இனத்தின் கப்பல்கள் இத்தனையை ஒழிக்க வேண்டும்.

சமீபத்தில் இணையத்தில் அதன் ஒரு பிரதியைத் தேடிப் பிடித்து விளையாடினேன். தொலைதூர ஸ்கேன் போட்டால் திரையில் வருவது வெறும் மூன்று இலக்க எண்கள். 207 என்றால் அந்தக் கட்டத்தில் கிளிங்கான் இரண்டு, விண்தளம் இல்லை, நட்சத்திரம் ஏழு. 014 என்றால் எதிரி இல்லை, தளம் ஒன்று, நட்சத்திரம் நான்கு. முதல் ஐந்து நிமிடம் கணக்குப் பரீட்சை மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் சக்தி தீரும் நிலைக்கு வந்தபோது, பக்கத்துக் கட்டத்தில் அந்த நடு இலக்கம் 1 என்று தெரிந்ததே, அப்போது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! வெறும் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டேன். ஷீல்டுக்கு ஒதுக்கிய சக்தியை எடுத்து எஞ்சினுக்குப் போட்டால் போய்ச் சேரலாம், ஆனால் வழியில் எவனாவது இருந்தால் கதை முடிந்தது. இதுதானே அந்தத் தொடர்? ஐம்பது வருடத்துக்கு முந்தைய எழுத்துத் திரை அதை என்னிடம் கொடுத்துவிட்டது. அதற்குப் பின் வந்த எத்தனையோ பளபளப்பான கேம்கள் கொடுக்கவில்லை.

1992-ல் இன்டர்ப்ளே வெளியிட்ட 25-ஆம் ஆண்டு நிறைவு கேமையும் இங்கே சொல்ல வேண்டும். அதில் கதை ஏழு அத்தியாயங்களாக, தொடர் போலவே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். பேஸரில் மயக்க வைப்பது ஒன்று, கொல்வது ஒன்று. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்படையின் மேலதிகாரி நம் செயல்பாட்டுக்குச் சதவீதக் கணக்கில் மதிப்பெண் போடுவார். தேவையில்லாமல் சுட்டால் குறையும். கூட வந்த சிவப்புச் சட்டைக்காரர் செத்தாலும் குறையும். தொடரில் சிவப்புச் சட்டை போட்டு இறங்குகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது ரசிகர்களுக்குள் ஊறிப்போன நகைச்சுவை. அந்த மனிதரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தால்தான் நல்ல மதிப்பெண் என்று ஒரு கேம் சொன்னது எனக்கு இன்றும் பிடித்த விஷயம்.

சரி, "அப்படியானால் சண்டையே வேண்டாமா, பேசிக்கொண்டே இருந்தால் அது கேமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நானும் யோக்கியன் இல்லை. வாயேஜர் என்ற இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரை வைத்து 2000-ல் ரேவன் சாஃப்ட்வேர் செய்த வாயேஜர்: எலீட் ஃபோர்ஸ் சுத்தமான துப்பாக்கி விளையாட்டு. அதை இரண்டு முறை முழுதாக முடித்திருக்கிறேன். ஆனால் அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். வாயேஜர் கப்பலின் கேப்டனையே துப்பாக்கியோடு ஓடவிட்டால் சிரிப்பாக இருக்கும் என்று தெரிந்து, ஆபத்தான வேலைகளுக்கென்றே தனிக் குழு ஒன்றைக் கதைக்குள் உண்டாக்கி, நம்மை அதில் சேர்த்தார்கள். பாதி உயிர், பாதி இயந்திரமான போர்க் இனம் வரும் இடத்தில் கண்மூடித்தனமாகச் சுட்டால் வேலைக்கு ஆகாது. நாலைந்து குண்டில் அவர்கள் பழகிக்கொள்வார்கள், அப்புறம் நம் ஆயுதம் வெறும் டார்ச் லைட். தொடரில் போர்க் ஏன் அவ்வளவு பயமுறுத்தியது என்று அந்த ஒரு விதியிலேயே விளங்கிவிடும். தொடரின் பயத்தை விதியாக மாற்றினால் துப்பாக்கி விளையாட்டும் தேறும்.

பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற வேறொரு விண்வெளித் தொடரை வைத்து 2017-ல் வந்த டெட்லாக்கும் இந்த ரகம். அந்தத் தொடரில் கேலக்டிகா என்ற போர்க்கப்பல் ஏன் தப்பிக்கிறது? மற்ற கப்பல்களின் கணினிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன, சைலான்கள் என்ற எதிரி இயந்திரங்கள் உள்ளே புகுந்து அணைத்துவிட்டன. இது பழைய கப்பல், கணினிகளை இணைக்கக் கூடாது என்று அதன் தலைவரான கிழவர் அடாமா பிடிவாதமாக இருந்தார். டெட்லாக்கில் அதே பயம் நம் தலைமேல் தொங்கும். சைலான் கப்பல்கள் தூரத்தில் நின்றே நம் கப்பல்களின் கணினிக்குள் ஊடுருவப் பார்க்கும். பீரங்கிக்கு அஞ்சுவதா, கண்ணுக்குத் தெரியாத அதற்கு அஞ்சுவதா என்று தவிக்க வேண்டும். உத்தரவுகளை இரு தரப்பும் முன்கூட்டியே போட்டுவிட்டு, பிறகு ஒரே நேரத்தில் நடப்பதைப் பார்க்கிற முறை. எதிரி இப்போது எங்கே இருக்கிறான் என்பதற்கு மதிப்பில்லை, அடுத்து எங்கே இருப்பான் என்பதுதான் கேள்வி. சண்டை முடிந்ததும் முழுவதையும், தொடரில் வரும் அந்த ஆடும் கேமராக் கோணங்களில், மறுபடி ஓட்டிக் காட்டுவார்கள். நான் அனுப்பிய இரண்டு சின்னக் கப்பல்கள் ஒன்றன் பாதையில் ஒன்று குறுக்கே போய் இடித்துக்கொண்ட காட்சியை அப்படி அழகாகப் பார்த்தேன்.

2023-ல் வந்த ஸ்டார் ட்ரெக்: ரீசர்ஜென்ஸ் பற்றி நிறையப் பேர் நல்லபடியாகச் சொன்னார்கள். எனக்கு அரை மனசு. ஒரு பக்கம் முதல் அதிகாரி, இன்னொரு பக்கம் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் என்ஜினியர் என்று இருவராகவும் நம்மை விளையாட விட்டது அருமை. உத்தரவு போடுகிறவரும் நாம், அந்த உத்தரவை நிறைவேற்றப் போய் மாட்டிக்கொள்கிறவரும் நாம். ஆனால் நடுநடுவே திரையில் வரும் பட்டனை நேரத்துக்கு அழுத்து என்கிற சமாச்சாரம் இருக்கிறதே, அது வந்தாலே எனக்குக் கோபம் வரும். அவ்வளவு நேரம் என்னை அதிகாரியாக மதித்துவிட்டு, திடீரென்று குரங்காட்டம் ஆடச் சொன்னால்?

மறுபடி பிரிட்ஜ் க்ரூவுக்கு வருகிறேன். 2017-ல் முதலில், தலையில் மாட்டிக்கொண்டு சுற்றிலும் கேம் உலகைப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டுக்காக வந்தது. குனிந்தால் சீருடை போட்ட நம் கை தெரியும். பழைய தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலையும் உள்ளே வைத்திருக்கிறார்கள். அதன் பிரிட்ஜில், அதாவது கட்டுப்பாட்டு அறையில், உட்கார்ந்தால் கண்ணில் நீர் தளும்பும், உடனே தலைவலியும் வரும். 1966-ல் செட் போட்டவர்கள் வண்ண வண்ணமாகப் பட்டன்களை ஒட்டினார்களே தவிர, எது எதற்கு என்று எழுதவில்லை. நடிகர்களுக்கு அது தேவைப்படவில்லை, ஏதோ ஒன்றை அழுத்தினால் போதும். எனக்கு ஒளியை மிஞ்சிப் பாயும் வார்ப் பட்டன் எது என்று தெரிந்தாக வேண்டுமே. உதவிக் குறிப்புகளைத் திரையில் வரவழைத்துத்தான் சமாளித்தேன்.

அதில் கோபயாஷி மாரு மிஷனும் உண்டு. ஸ்டார்ஃப்ளீட் மாணவர்களுக்கு வைக்கப்படும், யாராலும் ஜெயிக்க முடியாத அந்தப் பரீட்சை. 1982 ஸ்டார் ட்ரெக் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிதைந்து மிதக்கும் கப்பலில் ஆட்கள். காப்பாற்றப் போனால் கிளிங்கான் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

ஆட்களை ஏற்ற, ஓரிடத்தில் மறைய வைத்து இன்னோர் இடத்தில் தோன்ற வைக்கும் டிரான்ஸ்போர்ட்டர் வேண்டும். ஷீல்டு மேலே இருக்கும்வரை டிரான்ஸ்போர்ட்டர் வேலை செய்யாது. வாரா வாரம் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமெடுக்கக் காசில்லாமல் அந்தக் காலத்தில் கண்டுபிடித்த உத்திதான் டிரான்ஸ்போர்ட்டர். செலவை மிச்சம்பிடிக்கப் பிறந்த அந்தச் சமாச்சாரம், பின்னால் சேர்ந்த ஷீல்டு விதியோடு கூட்டணி வைத்து, ஒரு ராத்திரி என் கழுத்தைப் பிடித்தது.

அன்றும் நான்தான் கேப்டன். இந்த முறை கொஞ்சம் தேறியிருந்தேன். "கொஞ்சம்" என்ற சொல்லையே விட்டுவிட்டேன். இரண்டு கிளிங்கான்கள் தூரத்தில் இருக்கும்போதே ஷீல்டை இறக்கச் சொல்லி முதல் கூட்டத்தை ஏற்றினோம். ஷீல்டை மேலே ஏற்று, கப்பலைத் திருப்பு, பேஸருக்குப் பவர், சுடு. மறுபடி இறக்கு. இரண்டாவது கூட்டம் ஏறியது. மூன்றாவது கிளிங்கான் கண்ணெதிரே முளைத்தது. டாக்டிகல் நண்பன் கேட்டான், "இறக்கட்டுமா?"

பதில் சொல்ல எனக்கு எத்தனை விநாடி ஆனது என்று தெரியாது. கப்பலில் இருந்தவர்கள் வெறும் எண், உயிருள்ள யாரும் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தொண்டை அடைத்தது. யாரும் கிண்டலடிக்கவில்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், அதுதான் இன்னும் மோசம். இறக்கு என்றேன். பாதிப் பேர் ஏறுவதற்குள் எங்கள் கப்பலே அழிந்துபோனது.

கொஞ்ச நேரம் ஹெட்செட்டில் சத்தமே இல்லை. அப்புறம் என்ஜினியர் நண்பன் மெதுவாகச் சொன்னான். "நீ யோசிச்ச நேரத்துல இன்னொரு தடவை ஏத்தியிருக்கலாம்டா."

மறுநாள் எல்லோரும் உள்ளே வந்தபோது கேப்டன் நாற்காலி காலியாகவே கிடந்தது. நான் முந்திக்கொண்டு போய் என்ஜினியர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.